மாத்திரை நின்றது, பிரஷர் நின்றதா?

கேள்வி: எனக்கு 29 வயது. பிறந்த ஊர் ஆரணி, வாழ்க்கைப்பட்டது திருப்பூர். கர்ப்பத்தில் ஏழாம் மாதம் வரை எல்லாம் நார்மல். 34-வது வாரத்தில் பிரஷர் 150/100, யூரினில் புரோட்டீன் போகிறது என்று அட்மிட் செய்தார்கள். 36-வது வாரத்தில் சிசேரியன். பெண் குழந்தை, 2.2 கிலோ. இப்போது ஐந்து மாதம், நன்றாக இருக்கிறாள். டிஸ்சார்ஜ் ஆகும்போது இரண்டு வகை பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரம் சாப்பிட்டேன். "குழந்தைதான் பிறந்தாச்சே, இனிமே எதுக்கு? பால் வழியா குழந்தைக்குப் போகும், பழகிட்டா ஆயுசுக்கும் விடாது" என்று வீட்டில் சொன்னதால் நிறுத்திவிட்டேன். திருப்பூர் வந்த பிறகு போன வாரம் மெடிக்கல் ஷாப்பில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பார்த்தேன்; 138/92. தூக்கம் இல்லாததால்தான் என்கிறார் அம்மா. கணவர் மணிக்கட்டில் கட்டும் மெஷின் வாங்கி வந்தார். அதில் ஒரு தடவை 118 காட்டுகிறது, அடுத்த தடவை 146. மாமியாரோ, "எனக்கும்தான் ரெண்டு பிரசவத்துக்கும் காலும் முகமும் வீங்குச்சு, நான் என்ன மாத்திரையா சாப்பிட்டேன்" என்கிறார் (அவர் பத்து வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்). எனக்கு பிரஷர் இருக்கிறதா இல்லையா? மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாமா? அடுத்த குழந்தைக்கும் இப்படித்தான் வருமா? அடுத்த மாதம் பனியன் கம்பெனிக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும்.

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, திருப்பூர்

பதில்: மாமியாரைப் பற்றி அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் என் கண் நின்றது அந்த வரியில்தான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கேள்வி.

பிரஷர் இருக்கிறதா இல்லையா என்பதை 138/92 என்ற ஒரே ஓர் அளவை வைத்து நானும் சொல்ல முடியாது, மெடிக்கல் ஷாப்காரரும் சொல்ல முடியாது. அதற்காகத் தூக்கமின்மையின் தலையில் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடவும் கூடாது. 138-ஐவிட அந்த 92 எனக்கு உறுத்துகிறது. 140/90 என்பதுதான் கோடு. மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று தாண்டினாலும் தாண்டியதுதான். இன்னொரு விஷயம்: கர்ப்பத்தால் வந்த பிரஷர் பெரும்பாலானவர்களுக்குப் பிரசவமாகி 12 வாரத்துக்குள் இறங்கிவிடும். அதற்குப் பிறகும் நின்றால் அதைக் கர்ப்ப கால பிரஷர் என்று சொல்வதில்லை, சாதாரண ரத்தக்கொதிப்பு என்றே எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் 12 வாரத்தைத் தாண்டி இரண்டு மாதமாகிறது. ஆகவே இந்த வாரமே ஒழுங்காக அளந்து பார்த்துவிட வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

"குழந்தை பிறந்தாச்சு, இனிமே எதுக்கு" என்ற பேச்சுக்கு வருவோம். வீட்டில் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது, அதுவும் டாக்டர்கள் வாயிலிருந்து போன பாதி. இந்த வகை பிரஷருக்கு மூலகாரணம் நஞ்சுக்கொடி. கருப்பை ரத்தக் குழாய்களோடு அது சரியாக வேர்பிடிக்காதபோது, தாயின் ரத்தத்தில் சில பொருள்களைக் கலந்துவிடுகிறது. அவை உடம்பு முழுக்க உள்ள ரத்தக் குழாய்களின் உள்சுவரைப் புண்ணாக்குகின்றன. பிரஷர் ஏறுவதும், சிறுநீரகம் புரோட்டீனைத் தவறவிடுவதும் அதனால்தான். நஞ்சு விழுந்ததும் மூலம் போய்விடுகிறது, சரி. புண்ணான உள்சுவர் அன்றைக்கே ஆறிவிடுமா? ஆறாது. அதோடு, கர்ப்பத்தில் கை, கால், முகத்தில் சேர்ந்த நீரெல்லாம் பிரசவத்துக்குப் பிறகு திரும்ப ரத்தத்துக்குள் வருகிறது. அதனால் பிரஷர் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். நம் ஊரில் டிஸ்சார்ஜ் செய்வதும் கிட்டத்தட்ட அதே நாட்களில்தான்!

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பதினைந்து வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், உங்களைப் போலவே சிசேரியன் ஆன ஒரு பெண். மூன்றாம் நாள் 134/86. நானே டிஸ்சார்ஜில் கையெழுத்துப் போட்டேன். ஏழாம் நாள் தையல் பிரிக்க வந்தார். படுத்ததும் முழங்கையை மடக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். "டியூப்லைட் கண்ணக் கூசுது டாக்டர்" என்றார். மூன்று நாளாகத் தலைவலியாம். முதுகில் ஊசி போட்டதால் வரும் வலி என்று வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்க யூகலிப்டஸ் வாசம். முதுகு ஊசித் தலைவலி எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். இவருக்குப் படுத்தும் குறையவில்லை. கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் 174/112. தையல் பிரிக்கிற தட்டை ஒதுக்கிவிட்டு மெக்னீசியம் சல்பேட் ஊசிக்கு ஓடினோம். வலிப்பு வராமல் தப்பினார். தப்பு என்னுடையது. 134/86 ஏறுகிற வழியில் இருந்தது. இறங்குகிற வழியில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இப்படிப்பட்டவர்களின் டிஸ்சார்ஜ் தாளில் "ஏழாம் நாள் பிரஷர் பார்க்க வரவும்" என்று தேதி போட்டு என் கையாலேயே எழுதுகிறேன்.

உங்கள் தாளில் அப்படி ஏதாவது இருந்ததா? இருந்திருக்காது என்றே தோன்றுகிறது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்: டிஸ்சார்ஜ் தாளில் குழந்தையின் எடையைக் கிராம் சுத்தமாக எழுதுவோம், தாய்க்கு "தேவைப்பட்டால் வரவும்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுவோம். பிரஷர் ஏறுவது பல பேருக்கு வெளியில் தெரியவே தெரியாது. தேவைப்பட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நிறைமாதமாக இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்காக ஒன்று. பிரசவமாகி ஆறு வாரம் வரை இந்த நோயின் தொடர்ச்சியாக வலிப்பு வர முடியும். கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக வருவதுண்டு. பாட்டிமார் "பிரசவ ஜன்னி" என்று சொன்ன கூட்டத்தில் இதுவும் சேர்த்தி. விடாத தலைவலி, கண் மங்கல், கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, படுத்தால் மூச்சு முட்டுவது, இவற்றில் எது வந்தாலும் தைலம் தேய்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த அறிகுறி எதுவும் இல்லாமலே அளவு 160/110-ஐத் தொட்டால், கால் மணி நேரம் கழித்து ஒரு தடவை பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

இனி உங்கள் மெஷின். மணிக்கட்டு மெஷினைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வாரா என்று கேளுங்கள். அது பொய் சொல்லும் மெஷின் என்பதல்ல. மணிக்கட்டு நெஞ்சுக்குக் கீழே தொங்கினால் அளவு ஏறும், மேலே போனால் இறங்கும். உங்கள் 118-க்கும் 146-க்கும் நடுவில் குழந்தை கையை இழுத்திருக்கலாம், அவ்வளவுதான். மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின் வாங்குங்கள். வாங்கும் முன் வீட்டிலுள்ள இஞ்ச் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவைப் பாருங்கள். திருப்பூரில் இஞ்ச் டேப்புக்கா பஞ்சம்? பட்டையின் மேலேயே 22-32 செ.மீ. என்பது போல அளவு அச்சிட்டிருக்கும். கை பெரிதாக இருந்து பட்டை சின்னதாக இருந்தால், இல்லாத பிரஷரையும் காட்டும்.

குழந்தை தூங்கும்போது அளங்கள். பால் கொடுத்துக்கொண்டே பார்ப்பது, மெடிக்கல் ஷாப்பில் நின்றபடி பார்த்தது போல் இடுப்பில் ஆறு கிலோவைச் சுமந்துகொண்டு பார்ப்பது, இதெல்லாம் கணக்கில் சேராது. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாயும் நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்காருவது உங்கள் வீட்டில் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும். கால் தரையில் படட்டும், கால் மேல் கால் வேண்டாம். கையை மேஜையிலோ தலையணையிலோ நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். பட்டை வெறும் தோலின் மேல் இருக்க வேண்டும். இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கட்டுப் போட்டது மாதிரி ஆகிவிடும், அதனால் கை லூசாக உள்ள நைட்டி நல்லது. அளக்கும்போது பேசக் கூடாது, போனும் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். காலையில் இப்படி, மாலையில் இப்படி, ஏழு நாள்.

எழுதுவதற்குத் தனி நோட்டெல்லாம் வேண்டாம், இரண்டாம் நாளே தொலைந்துவிடும். பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுகிற மாதக் காலண்டரிலேயே அந்தந்தக் கட்டத்தில் எழுதிவிடுங்கள். முதல் நாள் அளவை விட்டுவிட்டு மிச்ச ஆறு நாளின் சராசரியைப் போடுங்கள். வீட்டில் அளக்கும்போது கோடு கொஞ்சம் கீழே, 135/85. சராசரி அதற்கு மேல் இருந்தால் உங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதற்குக் கீழே இருந்தாலும் காலண்டரைக் கிழித்துக்கொண்டு, பழைய டிஸ்சார்ஜ் தாளோடு ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரில் புரோட்டீன் நின்றுவிட்டதா என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. அது நிற்கவில்லை என்றால் சிறுநீரகத்தில் வேறு கோளாறு இருக்கிறதா என்று தேட வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சர்க்கரை, கொலஸ்ட்ரால், ஒரு ஈ.சி.ஜி., இதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி எங்கும் கேட்டுப் பெறக்கூடியவைதான்.

மாத்திரையும் பாலும். பிரசவத்துக்குப் பிறகு வழக்கமாகக் கொடுக்கும் லேபடலால், நிஃபெடிபின், எனலாப்ரில் ஆகியவை தாய்ப்பாலில் போவது மிகக் கொஞ்சம். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். எனலாப்ரிலுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: அடுத்த கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றிவிட வேண்டும், கர்ப்பத்தில் அது சிசுவைப் பாதிக்கும். "பழகிட்டா விடாது" என்பதற்கு என் பதில், பிரஷர் மாத்திரைக்கு உடம்பு அடிமையாவதில்லை. விடாமல் இருப்பது பிரஷர்தான். நீங்கள் மூன்று வாரத்தில் நிறுத்தியதில்கூட நிறுத்தியது பெரிய தவறில்லை, பலருக்கு அந்தச் சமயத்தில் குறைக்கவே வேண்டியிருக்கும். அளக்காமல் நிறுத்தியதுதான் பிசகு. ஆக்ஸ்ஃபோர்டில் 220 தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2023-ல் வெளியானது. ஒரு பாதிப் பேர் வீட்டிலேயே தினமும் அளந்து அனுப்ப, அதைப் பார்த்து டாக்டர்கள் மாத்திரையைக் கூட்டிக் குறைத்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. முதல் சில வாரங்களில் செய்த இந்த வேலையின் பலன், எட்டு ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோதும் இருந்தது. அளந்து அளந்து குறைத்தவர்களுக்குக் கீழ் எண் சராசரியாக 5.8 புள்ளி குறைவு.

சாப்பாடு விஷயத்தில் அதிகம் சொல்லப்போவதில்லை. தண்ணீர் குடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும், வீக்கம் வற்றாது என்று பத்தியத்தில் தண்ணீரை நிறுத்துவார்கள். தண்ணீரைக் குறைத்துப் பிரஷரைக் குறைக்க முடியாது. உப்பைக் குறைத்தால் முடியும். அப்பளம், வடகம், ஊறுகாய், கருவாடு, இந்த நாலையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவ லேகியம் இன்னும் சாப்பிடுகிறீர்களா? சில வீட்டுப் பக்குவங்களில் அதிமதுரம் சேர்ப்பார்கள். அதிமதுரம் தொண்டைக்கு நல்லதுதான், ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும். உங்கள் லேகியத்தில் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். வலிக்கு, சளிக்கு என்று கடையில் மாத்திரை வாங்கும்போதும் பிரஷர் விஷயத்தைச் சொல்லியே வாங்குங்கள். அப்புறம், கருத்தடைக்கு மாலா-என் போன்ற ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை உங்களுக்கு வேண்டாம். காப்பர்-டி பிரஷரை ஒன்றும் செய்யாது.

உங்கள் ஏழு நாள் கணக்கு நல்லபடியாகவே வந்தாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. தண்ணி மோட்டார் போட்டதும் லைட் மங்குகிற வீட்டைப் பார்த்திருப்பீர்கள். மோட்டாரை நிறுத்தினால் லைட் பிரகாசமாகிவிடும். வயரிங் அப்படியேதான் இருக்கும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. அந்தச் சுமையில் உங்கள் ரத்தக் குழாய்கள் மங்கிக் காட்டியிருக்கின்றன. டென்மார்க்கில் பிரசவமான பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2017-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். இருபதுகளில் முதல் பிரசவம், அதில் பிரஷர் வந்தவர்கள் என்று எடுத்துக்கொண்டால், பத்து வருடத்துக்குள் 100-க்கு 14 பேருக்கு நிரந்தர ரத்தக்கொதிப்பு. கர்ப்பத்தில் பிரஷர் வராதவர்களில் அது 4 பேர். பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கர்ப்பத்தில் பிரஷர் வந்தவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று இன்னும் பல ஆய்வுகள் சொல்கின்றன. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு ஐம்பதில் கிடைக்கிற தகவல் உங்களுக்கு 29-லேயே கிடைத்திருக்கிறது. வருடம் ஒரு தடவை பிரஷர், சர்க்கரை, இரண்டு மூன்று வருடத்துக்கொரு தடவை கொலஸ்ட்ரால், எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் அதற்கு நீங்கள் கொடுக்கிற விலை.

வருடம் ஒரு தடவை என்று சொன்னால் மறந்துவிடும். அதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி, குழந்தையின் தடுப்பூசி அட்டை. பீரோவில் நகைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்குமே, அதேதான். ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி மூன்றுக்கும் தவறாமல் போயிருப்பீர்கள். மூன்று தடவையும் குழந்தையின் தொடையில் ஊசி போட்ட நர்ஸுக்குப் பக்கத்து மேஜையில் பிரஷர் மெஷின் இருந்திருக்கும். உங்கள் கையை யாரும் கேட்கவில்லை, நீங்களும் நீட்டவில்லை. அடுத்தது ஒன்பதாம் மாத ஊசி. அப்புறம் ஒன்றரை வயதில், அப்புறம் ஐந்து வயதில். ஊசி போட்டு முடித்ததும் "சிஸ்டர், எனக்கும் பிரஷர் பாருங்க, கர்ப்பத்துல இருந்துச்சு" என்று கேளுங்கள். அளவை அந்த அட்டையிலேயே ஓர் ஓரத்தில் எழுதி வாங்குங்கள். நடுவில் உள்ள வருடங்களுக்கு அவள் பிறந்தநாள் இருக்கிறது.

அடுத்த குழந்தை. தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம், இரண்டு வருட இடைவெளி விட்டு. உங்களைப் போல 34-க்கும் 37-க்கும் இடைப்பட்ட வாரத்தில் பிரசவமானவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு மறுபடி வருகிறது. மூன்று பேருக்கு வருவதில்லை. கர்ப்பம் உறுதியானதும் முதல் விசிட்டிலேயே பழைய கதையைச் சொல்லிவிடுங்கள். 12-வது வாரம் வாக்கில் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள். 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தினம் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிய அளவுக்கு நோய் வருவது பாதிக்கும் கீழே குறைந்தது. ஆஸ்பிரினை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம், டாக்டர் தொடங்கட்டும். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரையையும், வாந்தி வருகிறது என்று சன்னலுக்கு வெளியே போடாமல் சாப்பிடுங்கள்.

வேலைக்குப் போகலாம், தடையில்லை. அந்த ஏழு நாள் அளவை மட்டும் வேலையில் சேருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இனி மாமியார். இரண்டு பிரசவத்திலும் காலோடு முகமும் வீங்கியது என்கிறார். கால் வீக்கம் கர்ப்பத்தில் சகஜம். முகம் வீங்கியது என்று கேட்டால் எந்த டாக்டரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அப்போது அவருக்குப் பிரஷர் இருந்ததா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது, அளந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பிரஷர் எந்த வயதில் தெரிய வந்தது, எப்படித் தெரிய வந்தது என்று ஒரு நாள் சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள். "நீங்க அன்னிக்கு அளந்திருந்தா" என்று குத்திக்காட்டும் குரலில் வேண்டாம். புது மெஷின் வந்ததும் முதல் நாள் அவரையே அந்த நாற்காலியில் உட்கார வைத்து அளந்துவிடுங்கள். பத்து வருடமாக ஒரே மாத்திரையை ஒரே அளவில் சாப்பிடுகிறவர் என்றால், அவருக்கும் ஒரு காலண்டர் கட்டம் தேவைப்படும்.